ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் ஏசி கேஸ்

மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கும் அன்பர், தம்முடைய 2011-ஆம் ஆண்டுச் சிறிய காருக்கு மூன்று கோடைகளாகச் சித்திரை பிறந்ததும் ஏசி கேஸ் ஏற்றி வருவதாகவும், ஆடி முடிவதற்குள் குளிர்ச்சி போய்விடுவதாகவும் சொல்கிறார். இந்த ஆண்டு ஒரு பட்டறையில், "134 கேஸைத் தடை செய்துவிட்டார்கள், அதற்குப் பதில் இது இன்னும் நன்றாகக் குளிரும், விலையும் பாதி" என்று சொல்லி வேறொரு வாயுவை ஏற்றத் தயாராக இருக்கிறார்களாம். வீட்டு ஏசி வேலை பார்க்கும் உறவினர் ஒருவரோ தம்மிடம் இருக்கும் ஆர்-22-ஐயே ஏற்றிவிடலாம் என்கிறாராம். இவற்றில் எதை ஏற்றலாம், கடையில் விற்கும் சிறிய டப்பாவை வாங்கித் தாமே ஏற்றிக்கொள்ள முடியுமா, வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதும் கசிவுதானா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: ஏற்றிய கேஸ் எங்கே போகிறது? அதற்கு விடை காணாமல் எந்த வாயுவை ஏற்றினாலும் ஆவணியில் மறுபடியும் இதே இடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

நான் ஐடிஐயில் குளிர்பதனம் படித்துவிட்டுக் கும்பகோணத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார் ஏசி வேலை பார்த்து வருகிறேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. ஆகவே எந்த வாயு, எவ்வளவு, எந்த முறையில் என்பவற்றை உறுதியாகச் சொல்வேன். கசிவு எந்த இடத்தில் இருக்கும் என்பதில் என் வார்த்தை ஊகம்தான்.

காரின் ஏசி ஒரு மூடிய சுற்று. கம்ப்ரஸர் வாயுவை அழுத்திச் சூடாக்கி முன்புறத்துக் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகிறது. டிரையரில் ஈரம் வடிகட்டப்பட்ட பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே அழுத்தம் இழந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகும்போது உள்ளே இருப்பவர்களின் புழுக்கத்தை எடுத்துக்கொண்டு கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. பட்டறைகளில் 134 என்று சொல்லப்படும் ஆர்-134ஏ வாயு வெளிக்காற்றின் அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால்தான் இத்தனையும் நடக்கிறது. இந்தச் சுற்றில் எதுவும் எரிந்து தீர்வதில்லை. பெட்ரோலைப் போலக் கேஸும் ஓட ஓடக் குறையும் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை அப்படி நினைத்துக்கொண்டு வருபவரைத் திருத்த எல்லாப் பட்டறைகளுக்கும் மனம் வருவதில்லை. ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் கம்ப்ரஸர் தண்டின் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் போவது இயல்பு. நான்கு மாதத்தில் குளிர்ச்சியே போகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இனி வாயு. பானெட்டைத் திறந்தால் அதன் உட்புறத்திலோ ரேடியேட்டருக்கு மேலிருக்கும் தகட்டிலோ ஏசியைப் பற்றிய ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். வாயுவின் பெயரும் எத்தனை கிராம் என்ற அளவும் அதில் அச்சாகியிருக்கும். 2011-இல் இந்தியாவில் விற்ற சிறிய காரென்றால் அது ஆர்-134ஏ என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய அம்பாசடர் காலத்து ஏசிகளில் இருந்தது ஆர்-12. அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகெங்கும் நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு வந்ததுதான் ஆர்-134ஏ. இது ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல 1,430 மடங்கு வலியது. 450 கிராம் டப்பா ஒன்று முழுவதும் கசிந்துபோனால் ஏறத்தாழ 640 கிலோ கார்பன் டை ஆக்ஸைடை வெளியே விட்டதற்குச் சமம். அதனால்தான் ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் இதற்கு இடமில்லாமல் போய், பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் என்ற வாயு வந்திருக்கிறது. நம் நாட்டுக்கு நிலைமை வேறு. 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இந்தியா இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைக்கத் தொடங்க வேண்டும். ஆகவே தடை செய்துவிட்டார்கள் என்று அந்தப் பட்டறையில் சொன்னது சரியன்று.

உறவினர் சொல்லும் ஆர்-22 வீட்டு ஏசிக்கு உரியது. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கண்டென்சர் 60 டிகிரிக்குச் சூடேறும்போது ஆர்-134ஏ சுமார் 230 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும் இடத்தில் ஆர்-22 ஏறத்தாழ 340 காட்டும். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் மே மாத மத்தியானத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் காருக்கு 60 டிகிரி ஒன்றும் அபூர்வமில்லை. உங்கள் காரின் குழாய்களும் சீல்களும் எண்ணெயும் அந்த வாயுவை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. முதல் வாரம் பனிக்கட்டி போலக் குளிரும், அதுதான் ஆளை ஏமாற்றுவது. அதன் பிறகு சீல் போகும், அல்லது கம்ப்ரஸரே போகும். ஆர்-22-உம் ஓசோனைக் கெடுப்பதால் ஒழிக்கப்பட்டு வரும் வாயுதான் என்பதை அவரிடமே கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்.

பாதி விலையில் கிடைக்கும், "இன்னும் நன்றாகக் குளிரும்" வாயு என்னவென்பதைப் பெயர் தெரியாமல் என்னால் அறுதியிட முடியாது. ஆனால் இந்த வர்ணனைக்குப் பொருந்தி நான் கண்டவை பெரும்பாலும் புரோபேனும் ஐசோபியூட்டேனும் கலந்தவை, அதாவது சமையல் கேஸின் நெருங்கிய உறவு. அவை நன்றாகக் குளிர்விக்கும் என்பது உண்மை. வீட்டு ஃபிரிட்ஜ்களில் ஐசோபியூட்டேனை முறைப்படியே பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஃபிரிட்ஜில் இருப்பது சில பத்துக் கிராம், அதுவும் இணைப்புகளை உலோகப் பற்றாசு வைத்து மூடிய சுற்றில். காரில் இருப்பதோ நூற்றுக்கணக்கான கிராம், ரப்பர் குழாய்களும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் வைத்த இணைப்புகளும் உள்ள சுற்றில், அதன் ஒரு பகுதி உங்கள் முழங்காலுக்கு முன்னால் டேஷ்போர்டுக்குள்ளேயே. கூலிங் காயில் கசிந்தால் எரியும் வாயு மூடிய கண்ணாடிகளுக்குள் நிறையும். இவை தவிர, போலிச் சிலிண்டர்களில் மெத்தில் குளோரைடு கலந்து விற்பதும் உலகில் நடந்திருக்கிறது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். 2011-இல் கப்பலில் ஏற்றும் குளிர்பதனக் கொள்கலன்கள் சில இப்படி வெடித்துத் தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். கார் கண்டென்சரும் கூலிங் காயிலும் அலுமினியம்தான்.

சிலிண்டரின் நிறத்தை வைத்து அடையாளம் காணலாம் என்று என் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 134ஏ-க்கு இளநீலம், 22-க்கு இளம்பச்சை. இன்று அதை நம்ப முடியாது, பெயிண்டு எல்லோரிடமும் இருக்கிறது. நான் செய்வது வேறு. இரவு முழுவதும் நிழலில் இருந்த சிலிண்டரில் காலையில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைப்பேன். 30 டிகிரியில் சுத்தமான ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும், 35 டிகிரியில் 114. ஆர்-22 என்றால் 30 டிகிரியிலேயே 158 காட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண் வந்தால் கலப்படம், அல்லது உள்ளே காற்று. இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு: எரியும் கலவைகளை 12-க்கும் 134ஏ-க்கும் ஒத்த அழுத்தம் வரும்படியே கலக்கிறார்கள், அவற்றை இப்படிப் பிடிக்க முடியாது. அதற்கென்று வாயுவைப் பிரித்தறியும் கருவி உண்டு, நம் ஊர்ப் பட்டறைகளில் அரிது. ஆகவே முத்திரை உடையாத, தெரிந்த நிறுவனத்தின் டப்பாவை ரசீதோடு வாங்குவது ஒன்றே நடைமுறையில் இருக்கும் காப்பு.

கசிவுக்கு வருகிறேன், இங்கிருந்து ஊகம் கலக்கிறது. டெல்டாவில் என் பட்டறைக்கு வரும் கார்களில் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளின் கண்டென்சர்களை உப்புக்காற்று அரித்து ஊசிமுனைத் துளைகள் போட்டுவிடுகிறது. மன்னார்குடி கடலுக்கு அவ்வளவு அருகில் இல்லை. ஆனால் வாரந்தோறும் வேளாங்கண்ணிக்கோ முத்துப்பேட்டைக்கோ ஓடும் வண்டியா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அடுத்தது இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங், கம்ப்ரஸர் தண்டின் சீல், கேஸ் ஏற்றும் வாயிலில் இருக்கும் சிறிய வால்வு. டயர் வால்வு போன்ற அந்தச் சின்னஞ்சிறு பொருள் தளர்ந்து, மேல் மூடியும் காணாமல் போயிருந்ததால் மூன்று ஆண்டுகள் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. கசியும் இடத்தில் கேஸோடு எண்ணெயும் வெளியேறுவதால் அங்கே தூசி பிசுபிசுத்து ஒட்டியிருக்கும். கைவிளக்கோடு நீங்களே தேடலாம். கடைசியாக, மிகவும் செலவு வைப்பது கூலிங் காயில். அதைப் பார்க்க டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசியை மூன்று மாதம் தொடாமல் வைத்திருப்பதும் சீல் கெடக் காரணம். கம்ப்ரஸர் சீலை ஈரமாக வைத்திருப்பது கேஸோடு சுற்றும் எண்ணெய்தான்; சுற்றாவிட்டால் சீல் காய்ந்து சுருங்கும். மார்கழிக் குளிரிலும் வாரத்துக்குப் பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

கேஸ் குறையவே இல்லாமல் குளிர்ச்சி மட்டும் குறைவதும் உண்டு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியையும் பயற்றஞ்செடியையும் வண்டி ஏறட்டும் என்று சாலையில் பரப்பியிருப்பார்கள். அவற்றின் மீது ஓட்டிப் போகும்போது பறக்கும் சருகும் தூசும் கண்டென்சர் துடுப்புகளுக்கிடையே போய் அடைத்துக்கொள்ளும். தை, மாசியில் வைக்கோல் தூசி அதே வேலையைச் செய்யும். முன்புறக் கிரில் வழியாகப் பார்த்தால் தெரியாது, ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் இடையில் கம்பளி போலப் படிந்திருக்கும். தோட்டக் குழாயின் மெல்லிய நீரால் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பீய்ச்சலைக் காட்டினால் துடுப்புகள் மடங்கிவிடும். நெல் மூட்டை அடுக்கிய வீட்டோரத்தில் நிறுத்தும் காருக்கு எலி இன்னொரு தொல்லை: கண்டென்சர் விசிறியின் ஒயரைக் கடித்துவிட்டால், ஓடும்போது குளிரும், நின்றால் குளிராது. இதைக் கேஸ் குறைவு என்று நினைத்து மேலும் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

கசிவைத் தேடச் சரியான வழி, சுற்றை உலர்ந்த நைட்ரஜனால் 150 பிஎஸ்ஐ அளவுக்கு நிரப்பி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, சில மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. பஞ்சர் கடைக் காற்றை ஏற்றக் கூடாது. அதில் ஈரம் இருக்கிறது, மேலும் மிஞ்சியிருக்கும் 134ஏ அழுத்தமான காற்றோடு கலந்தால் எரியும் தன்மை பெறக்கூடும். வேக்யூம் போட்டு, அதாவது பம்பால் உறிஞ்சிச் சுற்றை வெற்றிடமாக்கி, முள் நின்றது, ஆகவே கசிவு இல்லை என்று சிலர் முடித்துவிடுவார்கள். வேக்யூமில் வெளியிலிருந்து உள்ளே தள்ளும் அழுத்தம் 15 பிஎஸ்ஐக்கும் குறைவு; ஓடும்போது உள்ளிருந்து வெளியே தள்ளுவது 200-க்கும் மேல். நான்கு மாதத்தில் காலியாகும் நுண்ணிய துளை வேக்யூம் சோதனையில் தப்பிவிடும்.

அதற்காக வேக்யூம் தேவையில்லை என்று ஆகாது. அதன் வேலை காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவது. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாக வேண்டுமானால் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் இருபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். வேக்யூம் கேஜில் சொன்னால் 28.7 அங்குலப் பாதரசம், அழுத்தம் அதைவிடவும் இறங்கினால்தான் வேலை விரைவாக நடக்கும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரையே வேக்யூம் பம்பாகப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு, நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். தேய்ந்துபோன ஒன்றால் அந்த ஆழத்தைத் தொட முடியாது. காவிரிக் கரைக் காற்றின் ஈரத்தில் முப்பது நிமிடத்துக்குக் குறைவாக வேக்யூம் போடுவதை நான் வேக்யூம் என்றே கணக்கில் எடுப்பதில்லை, மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் விடுவேன். ஈரம் தங்கிவிட்டால் அது எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனியாக உறைந்து அடைக்கும். ஏசி கால் மணி நேரம் குளிர்ந்து, நின்று, அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடியும் குளிர்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. சிறிய கார்களுக்குப் பொதுவாக 300 முதல் 500 கிராம்தான் கொள்ளளவு. 400 கிராம் வண்டியில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் எட்டில் ஒரு பங்கு பிசகு. அணைந்திருக்கும் வண்டியில் கேஜ் அளவைப் பார்த்து இதை அறிய முடியாது. சுற்றில் கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. பாதிக் கேஸ் போயிருந்தாலும் முள் அதே 97-ஐக் காட்டும். ஓடும்போது தாழ்பக்கம் (கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கம்) 30 முதல் 45 பிஎஸ்ஐ, உயர்பக்கம் (கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் பக்கம்) 200 முதல் 250 என்பது நம் கோடைக்குப் பொதுவான அளவு, ஆனால் விசிறி, தூசி, வெயில், கம்ப்ரஸரின் வகை எல்லாம் அதை அசைக்கும். தொழிலுக்கு வந்த புதிதில், கும்பகோணத்திலிருந்து உங்கள் ஊருக்குப் போக வேண்டிய கல்யாண வண்டி ஒன்றுக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்தே கேஸ் ஏற்றினேன். நன்றாகக் குளிர்ந்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நிற்க நேர்ந்தபோது உயர்பக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போய்ப் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரஸரைத் துண்டித்துவிட்டது. பட்டு வேட்டியில் நனைந்துபோய் இறங்கிய மாப்பிள்ளையின் சித்தப்பா மறுநாள் பட்டறைக்கு வந்து என்னிடம் பேசியது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த வாரமே ஐந்து கிராம் வித்தியாசத்தையும் காட்டும் மின்தராசு ஒன்று வாங்கினேன். அன்று முதல் மிஞ்சியிருப்பதை வெளியே எடுத்து, வேக்யூம் போட்டு, ஒட்டுத்தாளில் உள்ள அளவை நிறுத்துத்தான் ஏற்றுகிறேன்.

டப்பாவை வாங்கி நீங்களே ஏற்றுவதைப் பற்றி நான் ஏன் தயங்குகிறேன் என்பது இதிலிருந்தே விளங்கும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் மேலே எவ்வளவு சேர்ப்பது? அப்படியும் செய்யத் துணிந்தால், எஞ்சின் ஓடும்போது தாழ்பக்க வாயிலில் மட்டும், டப்பாவை நிமிர்த்தி வைத்து வாயுவாக ஏற்றுங்கள். கவிழ்த்தால் திரவம் நேராகக் கம்ப்ரஸருக்குள் போய் அதன் உள்ளுறுப்புகளை உடைக்கும். உயர்பக்கத்தில் மாட்டினால் அழுத்தம் டப்பாவுக்குள் திரும்பி அது வெடிக்கக்கூடும். இந்தத் தவறு நேராமல் இருக்கத்தான் 134ஏ சுற்றில் தாழ்பக்க வாயில் 13 மில்லிமீட்டர், உயர்பக்கம் 16 மில்லிமீட்டர் என்று வேறுபடுத்தியிருக்கிறார்கள். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். திரவம் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். "லீக்கை அடைக்கும்" மருந்து கலந்த டப்பாவை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைக்கும், பின்னால் வேலை செய்பவரின் இயந்திரத்தையும் கெடுக்கும்.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாக: 134ஏ-க்கு உரியது பிஏஜி வகை எண்ணெய், அதிலும் கம்ப்ரஸருக்கேற்ற தடிப்பு உண்டு. காற்றின் ஈரத்தை அது வேகமாக உறிஞ்சும் என்பதால் திறந்துவைத்த புட்டியிலிருந்து ஊற்ற விடாதீர்கள். மின்சாரக் கார்களின் கம்ப்ரஸருக்கு இந்த எண்ணெயே கூடாது, மின்காப்பு கெடும். அவ்வகை வண்டிகளில் என் கை அதிகம் பழகவில்லை, வந்தால் நிறுவனத்தின் சர்வீஸுக்கே அனுப்பிவிடுகிறேன்.

எனவே பட்டறைக்குப் போகும்போது கேஸ் ஏற்றச் சொல்லாதீர்கள், கசிவைக் காட்டச் சொல்லுங்கள். நைட்ரஜன் சோதனை, பழுதுபட்ட பாகம், சுற்றைத் திறந்தால் புதிய டிரையர், வேக்யூம், அதன் பிறகு எடை போட்டு ஏற்றிய ஆர்-134ஏ, இதுதான் வரிசை. இந்த ஆண்டு செலவு கூடும். கண்டென்சர்தான் என்றால் நன்றாகவே கூடும். ஏற்றிய கிராம் அளவை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த சித்திரையில் குறைந்திருந்தால் எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று கணக்கிட அது ஒன்றே ஆதாரம்.

அடியில் சொட்டும் தண்ணீர் கசிவு இல்லை. நம் காற்றின் ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி வடிகுழாய் வழியே இறங்குகிறது. கேஸ் கசிந்தால் சொட்டாது, காற்றோடு போய்விடும். புழுக்கமான நாளில் ஏசி நன்றாகக் குளிர்ந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் சொட்டவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும்: முன் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அடியிலிருந்து விட்டு ஊதினாலே திறந்துகொள்ளும்.